வெள்ளைச் சேலையும் ஒட்டுப் போர்வையும்



என் அக்கா மகளின் குழந்தைக்கு நான் தைத்துக் கொடுத்த போர்வையின் படம் வாட்ஸப்பில் போனாலும் போனது, பத்து நாளாகப் போன் ஓயவில்லை. பழைய மாணவிகள் கேட்பது ஒரு வகை. "டீச்சர், என்ன மிஷினுங்க? துணி எங்க வாங்குனீங்க? எங்க வீட்டுலயும் பீரோ நெறையச் சேலை கெடக்குது, அதுல தெக்கலாமுங்களா?" சொந்தத்தில் பெரியவர்கள் கேட்பது இன்னொரு வகை. "ஏம்புள்ளை, பச்சக் கொழந்தைக்குத் தெச்சதுல வெள்ளைச் சேலைய வெச்சுத் தெச்சிருக்கறயாமா?"

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியாது. இரண்டு வகைக் கேள்விக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். முப்பத்து நாலு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். வழிமுறை காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் எனக்கே மார்க் போட மனசு வராது.

முதலில் மிஷின். என்னிடம் ஏற்கெனவே இருந்தது கறுப்புக் கால் மிஷின். அதற்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் முட்டி வலி, பெடல் மிதிக்க முடியவில்லை. அதனால் போன ஐப்பசியில் மோட்டார் வைத்த சின்ன மிஷின் வாங்கினேன். மேஜை மேல் வைத்துத் தைத்துவிட்டு, வேலை முடிந்ததும் தூக்கி அலமாரியில் வைத்துவிடலாம். எந்தக் கம்பெனி என்று கேட்கிறீர்கள். கம்பெனியைவிட நாலு விஷயத்தைப் பாருங்கள் என்பேன்.

ஒன்று, வேகத்தை மெதுவாக வைக்க முடிகிறதா? நம் வயசுக்கு இதுதான் முக்கியம். இரண்டு, பிரஷர் ஃபுட் எவ்வளவு உயரம் தூக்குகிறது? போர்வை என்றால் மூன்று நாலு அடுக்குத் துணி அதற்கடியில் போயாக வேண்டும். மூன்று, ஊசிக்கும் மிஷின் தூணுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது? வீட்டு மிஷினில் இது கொஞ்சம்தான் இருக்கும். பெரிய போர்வையைச் சுருட்டி அந்த இடத்துக்குள் நுழைப்பது பெரிய பாடு. அதனால்தான் முதலில் குழந்தைப் போர்வை தையுங்கள் என்று சொல்கிறேன். நாலு, ஊசி, பாபின், ஃபுட் எல்லாம் நம்ம ஊர்க் கடையிலேயே கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் ஒரு ஊசி உடைந்தாலும் மிஷின் சும்மா உட்கார்ந்திருக்கும்.

கூடவே வாக்கிங் ஃபுட் என்று ஒன்று தனியாகக் கிடைக்கும். சாதாரணமாக மிஷினில் கீழே இருக்கிற பல் மட்டும்தான் துணியை நகர்த்தும். அடுக்கடுக்காகத் தைக்கும்போது அடித்துணி முன்னே போகும், மேல்துணி பின்தங்கிச் சுருங்கும். வாக்கிங் ஃபுட் மேலிருந்தும் இழுத்துக்கொடுக்கும், எல்லா அடுக்கும் சேர்ந்து நகரும். போர்வை தைக்கிறவர்களுக்கு அது அவசியம்.

இங்கிலீஷில் குயில்ட் என்று சொல்வதை நான் ஒட்டுப் போர்வை என்கிறேன். மேலே துண்டு துண்டாக ஒட்டித் தைத்த துணி, நடுவில் ஒரு அடுக்கு, அடியில் முழுத்துணி. மூன்றும் நழுவாமல் இருக்க மேலிருந்து அடிவரை வரிவரியாகத் தையல். குளிர்நாட்டில் நடுவில் கனமான பஞ்சு வைப்பார்கள். நம்ம காங்கேயத்து வெயிலுக்கு அது ஆகாது. மார்கழி தை இரண்டு மாசம் விடியக்காலம் கொஞ்சம் பனி, அவ்வளவுதான். நடுவில் பழைய பருத்திச் சேலை இரண்டு மடிப்பு வைத்தாலே போதும். ஊட்டியிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பிள்ளைகள் வேண்டுமானால் கனமான துணி வையுங்கள்.

இனி துணி. கடையில் போய் முதலில் கண்ணுக்கு அழகாகத் தெரிவதை எடுக்காதீர்கள். போர்வைக்குத் துணி எடுப்பது கூட்டுக்குடும்பத்துக்குப் பெண் எடுப்பது மாதிரி. தனியாக நல்லது என்றால் போதாது, மற்றதோடு சேர்ந்து இருக்க வேண்டும். ஒரே மாதிரி கனம், ஒரே மாதிரி சுருக்கம், ஒன்றின் சாயம் இன்னொன்றில் ஏறாத குணம். இந்த மூன்றும்தான் முக்கியம்.

பருத்தியா, வேறு ஏதாவதா என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் உருகி, கறுப்பாகக் கெட்டியான உருண்டையாகும். பட்டு, முடி கருகுகிற நாற்றம் அடிக்கும். சாயத்துக்கும் ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் துணியை நனைத்து அதன் மேல் வைத்துச் சூடாக அயர்ன் பண்ணுங்கள். வெள்ளையில் கறை ஏறினால் அந்தத் துணியைத் தனியாக இன்னும் நாலு தண்ணி அலசுங்கள். அப்புறமும் விட்டால் அது போர்வைக்கு வேண்டாம். புதுத்துணி எதுவானாலும் நனைத்துக் காயவைத்துச் சுருக்கம் எடுத்த பிறகுதான் வெட்ட வேண்டும். பழைய துணியில் இந்த வேலை மிச்சம். சுருங்க வேண்டியது எப்போதோ சுருங்கியிருக்கும், போக வேண்டிய சாயம் போயிருக்கும்.

"டீச்சர், திருப்பூர்ல பனியன் கட்டிங் கிலோக் கணக்குல கெடைக்குதே, அதுல தெக்கலாமுங்களா?" என்று ஒரு மாணவன் கேட்டான். அவனே பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். கண்ணு, பனியன் துணி பின்னித் தயாரிப்பது. நூல் வளையம் வளையமாக இருக்கும், இழுத்தால் நீளும், வெட்டின ஓரம் சுருண்டுகொள்ளும். சேலை, வேட்டி, பாப்ளின் எல்லாம் தறியில் நெய்தது. பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக நிற்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஒன்று நீளும், ஒன்று நிற்கும், போர்வை கோணிக்கொள்ளும். பனியன் துணியில் தைக்க ஆசை இருந்தால் முழுக்க முழுக்க அதிலேயே தை. முனை உருண்டையாக இருக்கிற ஊசி கேட்டு வாங்கு.

அதே மாதிரி சென்னிமலைப் பெட்ஷீட். உழைப்புக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் அதை மெல்லிய சேலைத் துண்டோடு சேர்த்து ஒட்டுப் போட்டால், நாலு வருஷத்தில் கனத்த துணி மெல்லியதை இழுத்துக் கிழித்துவிடும். பெரியவர்கள் போர்த்துகிற போர்வைக்கு அடித்துணியாக முழுசாக வையுங்கள், பிரமாதமாக இருக்கும்.

நிறம் பொருத்துவதற்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. துண்டுகளைப் பாயில் பரப்பி, போனில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது அடர்த்தி, எது வெளிர் என்று பளிச்சென்று தெரியும். நிறம் எத்தனை இருந்தாலும் அடர்த்தியும் வெளிரும் மாறி மாறி வந்தால்தான் கட்டம் எடுப்பாக இருக்கும்.

இவ்வளவும் பொதுவான பாடம். இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா 2022-இல் காலமானார். பட்டுச்சேலைகளை இருக்கும்போதே பெண்களுக்கும் மருமகளுக்கும் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், கொடியில் கிடந்த சேலைகளும். பெட்டியில் இருந்தது எல்லாம் கலர்ச்சேலை. கொடியில் இருந்தது எல்லாம் வெள்ளை.

அப்பா 1994-இல் தவறினார். அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயசு. நம்ம பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைக்கோடி வந்தது. அன்றைக்குக் கட்டிய வெள்ளையை அம்மா இருபத்தெட்டு வருஷம் கட்டினார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்தத் தேவை இல்லாத காலம் அது. கலர்ச்சேலைகளைத் துவைத்து மடித்து, வசம்பு போட்டுப் பெட்டியில் வைத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடிக்காற்று ஓய்ந்த பிறகு, எடுத்து உதறி, நிழலில் காயப்போட்டு, மடிப்பை மாற்றி மடித்து வைப்பார். ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்பிலேயே இற்றுப்போகும் என்பார். "ஆருக்குக் குடுக்கறதுக்குமா இதையெல்லாம் வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டால், "உங்கள்ல ஆருக்காச்சும் ஆகட்டும் அம்மணி" என்பார். எங்களில் யாரும் எடுத்துக் கட்டவில்லை. எங்களுக்கு எங்கள் காலத்துச் சேலை இருந்தது.

போர்வைக்காக இரண்டு குவியலையும் பிரித்து வைத்துச் சோதித்தேன். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் பாவுப் பக்கம் ஒரு தடவை, ஊடைப் பக்கம் ஒரு தடவை அழுத்தி இழுத்துப் பார்த்தேன். கலர்ச்சேலைகள் கட்டுக்குலையாமல் இருந்தன. முப்பது, நாற்பது வருஷத்துச் சேலைகள், நேற்று வாங்கினது மாதிரி. வெள்ளைச் சேலைகள் உட்காருமிடத்தில் வலை மாதிரி ஆகியிருந்தன. விரல் பட்டாலே நூல் விலகியது.

துணிக்கடைக்காரரைக் கேட்டால் நல்ல துணி எது, இத்துப்போனது எது என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். எனக்குத்தான் அந்தக் கணக்கு லேசாக இல்லை. உறுதியாக இருந்த சேலைகள் உறுதியாக இருந்ததற்குக் காரணம், அம்மா அவற்றைக் கட்ட முடியாமல் போனது. நைந்தவை நைந்ததற்குக் காரணம், அம்மா அவற்றில்தான் வாழ்ந்தார். என் மகனையும் அக்கா பிள்ளைகளையும் மடியில் போட்டுத் தூங்கவைத்தது வெள்ளைச் சேலையில். எங்கள் பிள்ளைகளுக்கு அம்மிச்சி என்றால் வெள்ளைச் சேலைதான். கலர்ச்சேலையில் அவரைப் பார்த்த ஞாபகம் அவர்கள் யாருக்கும் இல்லை. கலரை மட்டும் வைத்துத் தைத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அம்மிச்சியாக இருக்காது. வெள்ளையை மட்டும் வைத்துத் தைத்தால் ஆறு மாசம் தாங்காது. ஆகவே இரண்டும் வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கலரில் நைலெக்ஸும் பூனமும் முதலிலேயே கழிந்தன. அவை பருத்தி இல்லை, குழந்தை உடம்புக்கு ஆகாது. மிச்சத்தில் ஐந்தை எடுத்தேன். அரக்கு நிறச் சின்னாளப்பட்டிச் சுங்குடி. மஞ்சளில் பச்சைக் கரை போட்ட நெகமம் கைத்தறி. தீபாவளித் தள்ளுபடியில் அப்பா கோ-ஆப்டெக்ஸில் எடுத்துக் கொடுத்த இலைப்பச்சைக் கைத்தறி. சின்னக் கட்டம் போட்ட ஒன்று. நீலப் பூப்போட்ட வாயில் ஒன்று.

"அம்மா சேலைய வெட்டப் போறியா?" என்று அண்ணன் பதறினார். அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். நீங்களும் போடுங்கள். துண்டு ஒன்று 5 அங்குலச் சதுரம். நாலு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் 4½ அங்குலம் நிற்கும். அகலத்தில் 8, நீளத்தில் 10, மொத்தம் 80 துண்டு. போர்வை 36-க்கு 45 அங்குலம் வரும். ஒரு சேலைக்கு 16 துண்டு எடுத்தால் ஐந்து சேலையில் 80 வந்துவிடும். சேலையின் இரண்டு கரையையும் ஒதுக்கினால் நடுவில் 40 அங்குலத்துக்குக் குறையாது. அதில் வரிசைக்கு 8 துண்டு. இரண்டு வரிசை வெட்டினால் 16. ஆக, ஒரு சேலையில் நான் வெட்டப் போவது 10 அங்குலம்தான். ஐந்தரை மீட்டர் என்பது 216 அங்குலம். அதில் 10 போனால் என்ன குறைந்துவிடும்? அதுவும் முந்தியில் கை வைக்காமல், இடுப்பில் செருகுகிற உள்முனையில் வெட்டினேன். ஐந்து சேலையும் இன்றைக்கும் கட்டுகிற மாதிரியே இருக்கின்றன. அண்ணன் மகள் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு காலேஜுக்கே போய்விட்டாள்.

பழைய பருத்தியை அப்படியே வெட்டினால் நழுவும், சதுரம் சரிவகமாகிவிடும். வெட்டுவதற்கு முன்னால் அரிசிக்கஞ்சி போட்டு, விறைப்பாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். நூல் போக்குப் பார்த்து நேராக வெட்டலாம். கஞ்சி முதல் அலசலில் போய்விடும். துண்டுகளைச் சேர்க்க 11-ஆம் நம்பர் ஊசி போதும். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது 14-க்கு மாற்றுங்கள்.

ஐந்தில் நீல வாயில் மட்டும் மற்றதைவிட மெல்லிசு. அதற்கு வெள்ளைச் சேலையில் அதே அளவு துண்டு வெட்டி அடியில் கொடுத்தேன். இரண்டும் சேர்ந்ததும் மற்றதோடு கனம் ஒத்துப்போனது. நடு அடுக்கு இரண்டு மடிப்பு, அடித்துணி ஒன்று, எல்லாமே வெள்ளை. முழங்காலும் உட்காருமிடமும் பட்ட பாகங்களைத் தவிர்த்து, கொஞ்சம் பலமான இடமாகப் பார்த்து எடுத்தேன். போர்வையின் 36 அங்குலத்தைச் சேலையின் அகலத்தில் வைத்தால் அடித்துணியில் ஒட்டுப் போட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் பாயில் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டு, கையகல இடைவெளியில் ஊக்குப் போட்டேன். ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு தையல் வரி. இதை மட்டும் மறக்காதீர்கள். துணி எவ்வளவு நைந்ததோ, தையல் அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும். தனித்தனியாக நிற்காத இரண்டு துணி, நெருங்கித் தைத்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

இப்போது பெரியவர்கள் கேட்ட கேள்வி. பச்சைக் குழந்தைக்கு வெள்ளைச் சேலை ஆகுமா?

நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நம் வீடுகளில் பிறந்த குழந்தையை முதலில் எதில் போடுகிறோம்? பழைய வேட்டியில். ஆஸ்பத்திரிக்குப் பை கட்டும்போதே, "பழைய வேட்டி நாலு கிழிச்சு வெய்யி" என்று சொல்லாத வீடு உண்டா? வேட்டியும் வெள்ளைதான், சேலையும் வெள்ளைதான். துணிக்கு வித்தியாசம் தெரியாது. அப்பாரு வேட்டி ஆகும், அம்மிச்சி சேலை ஆகாது என்றால் அது துணியின் மேல் சொல்கிற குறை இல்லை. அந்தச் சேலையைக் கட்டினவர் மேல் சொல்கிற குறை. அந்தக் குறையை அம்மா இருபத்தெட்டு வருஷம் கேட்டாயிற்று. சீருக்கு முன்னால் வராமல், தாலி கோர்க்கிற இடத்தில் நிற்காமல், பேத்தி கல்யாணத்தில் பந்திப் பக்கமாகவே இருந்துவிட்டு வந்தார். அவர் போன பிறகு அவர் சேலையும் ஒதுங்கி நிற்க வேண்டுமா?

சின்னாளப்பட்டிச் சுங்குடியைத் தைக்கும்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அந்த ஊரை ஒட்டித்தான் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கியது. அந்த ராமச்சந்திரன் மாணவராக இருந்தபோது, 1924-இல் டெல்லியில் காந்தியிடம், நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா என்று கேட்டிருக்கிறார். காந்தி விதிவிலக்காகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினை. மனைவி கையால் தைத்துப் படுகிற கஷ்டத்தைப் பார்த்துச் சிங்கர் அதைச் செய்தார் என்று காந்தி சொன்னார். நிஜத்தில் சிங்கர் பல குடும்பம் வைத்திருந்த மனிதர். அவர் 1851-இல் காப்புரிமை வாங்கியதற்கு ஐந்து வருஷம் முன்பே எலியாஸ் ஹோவ் ஒரு மிஷினுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் காந்தி சொன்னதன் உட்கருத்து சரிதான். ஒரு பெண்ணின் கைக்கு ஓய்வும் காசும் கொடுக்கிற கருவி அது. நம்ம அரசாங்கமும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. யாருக்கு? கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவில்லாத பெண்கள். அப்படி மிஷின் தைத்து என் வகுப்புப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார்களை எனக்குத் தெரியும். அவர்கள் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எத்தனை கல்யாணப் பெண்கள் மணவறைக்குப் போயிருக்கிறார்கள்! அதில் யாரும் குறை பார்க்கவில்லை.

பழைய துணியில் குழந்தைக்குத் தைப்பது நாம் மட்டும் செய்வதும் இல்லை. வங்காளத்தில் கந்தா என்று ஒரு தையல் உண்டு. பழைய வெள்ளை வேட்டியையும் சேலையையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய கலர் நூலால் நெருக்கமாகத் தைப்பார்கள். பிறந்த குழந்தையைச் சுற்றிப் போர்த்த அதைத்தான் எடுப்பார்கள். நம் கந்தை என்ற சொல்லோடு அந்தப் பெயர் ஒத்துப்போவதைப் பாருங்கள்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம். முன்பு அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் வாழ்கிற ஊர். அந்த ஊர்ப் பெண்கள் பழைய வேலைத்துணிகளில் தைத்த போர்வைகளை 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் மியூசியத்தில் வைத்தார்கள். அந்த ஊரில் மிசூரி பெட்வே என்ற பெண், 1942-இல் கணவர் இறந்தபின், அவர் வயலில் உடுத்திய துணிகளை வெட்டிப் போர்வையாகத் தைத்து, அதைப் போர்த்திக்கொண்டார். வெளுத்துப்போன முழங்கால் பாகமெல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. நைந்த இடத்தை அவர் மறைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லி யாரோடும் சண்டை போட நான் விரும்பவில்லை. தைப்பதற்கு முன்பே குழந்தையின் தாயிடம் கேட்டேன். "அம்மிச்சி சேலையில்லாம வேறெதுக்குங்க சின்னம்மா?" என்றாள். மாப்பிள்ளை வீட்டில் எப்படியோ என்றுதான் எனக்கு யோசனையாக இருந்தது. அந்த வீட்டில் மாப்பிள்ளையின் ஆத்தா இருக்கிறார். எண்பது தாண்டியவர். அவரும் வெள்ளைச் சேலைதான்.

போர்வையைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். மேல்பக்கத்துக் கட்டங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் புரட்டி, அடியில் இருந்த வெள்ளையைத் தடவினார். என்ன துணி என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. தடவின கைக்குத் தெரியாமலா போகும்? கடைசியில் சொன்னார்:

"டீச்சரம்மா, என்றகிட்டயும் இது மாதர நைஞ்சது ரெண்டு கெடக்குதுங்க. அடுத்ததுக்கு ஆகுமுங்களா?"

"ஆகுமுங்க ஆத்தா, குடுங்க" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேலால வெச்சுறாதீங்க. அடியிலயே இருக்கட்டும்" என்றார்.

அவரோடு வாதம் பண்ண எனக்கு மனசு வரவில்லை. அந்த வயசில் அவர் அவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. குழந்தையின் உடம்பு படுகிற பக்கம் அடிப்பக்கம்தான் என்பதும் அவருக்குத் தெரியாதது இல்லை. இரண்டு சேலையையும் வாங்கி வந்துவிட்டேன். துவைத்துக் காய்ந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. குழந்தைக்கு ஒரு வயசு நடக்கும்போது கொஞ்சம் பெரிய அளவில் ஒன்று தைத்தாக வேண்டும்.

கடைசியாகச் சில குறிப்புகள். பச்சைக் குழந்தைக்கு இதை விரிப்பாகப் போடுங்கள், தூங்கும்போது முகத்துப் பக்கம் தளர்வாகப் போர்த்தாதீர்கள். வாஷிங் மிஷினில் போடாமல் கையால் அலசிப் பிழியாமல் நிழலில் விரித்துக் காயவையுங்கள். ஊக்குகளை எண்ணிப் போட்டு, எண்ணி எடுங்கள். போட்டது 60 என்றால் எடுத்ததும் 60 இருக்க வேண்டும். குழந்தை விஷயத்தில் கணக்குத் தப்பக்கூடாது.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படிச் சேலைகள் இருக்கும். யாருடையது, எந்த வருஷத்தது, யார் எடுத்துக் கொடுத்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். வெட்டுவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யலாம். தைக்கத் தெரியாதே என்று தயங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது 5 அங்குலத்துக்கு அட்டை ஒன்று சதுரமாக வெட்டிக்கொண்டு வாருங்கள். நாலு மூலையும் 90 டிகிரி இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவேன்.

எல்லோரும் நல்லா இருங்க.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்,
காங்கேயம்.